அண்ணன் மகள் படிக்கட்டும்

கேள்வி: வரலாற்றில் இளங்கலை முடித்த என் அண்ணன் மகள், சமூக ஊடகத்தைப் பாடமாக எடுத்து முதுகலை படிக்கப்போகிறேன் என்கிறாள். பொழுது விடிந்தால் நாம் எல்லோருமே ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும்தான் கிடக்கிறோம். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு பட்டமா? அதற்கு இத்தனை நாளும் பணமுமா? உங்கள் பக்கத்தை அவள் தவறாமல் வாசிக்கிறாள். வேண்டாம் என்று நீங்கள் எழுதினால் கேட்பாள்.

பதில்: வேண்டாம் என்று எழுத மாட்டேன். இன்றைக்குக் கட்டாயம் யாராவது படித்தாக வேண்டிய துறைகளில் ஒன்றைத்தான் அவள் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அவள் சேரப்போகும் படிப்பு நல்ல படிப்பா என்பது வேறு கேள்வி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ‘எல்லோருக்கும் தெரிந்த ஒன்று’ என்கிறீர்களே, அதைப் பார்ப்போம். ஓட்டுப் போடுகிற எல்லோருக்கும் அரசியல் அறிவியல் தெரிந்துவிடுவதில்லை. காலையில் கைபேசியைத் திறக்கிறீர்கள். முதலில் ஒரு பழைய நண்பரின் படம், அடுத்து யாரோ இருவரின் சண்டை, அதற்கடுத்து ஒரு விளம்பரம். ஏன் இந்த வரிசை? உங்கள் பட்டியலில் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்க, திரும்பத் திரும்பச் சிலரே கண்ணில் படுகிறார்களே, மற்றவர்கள் எங்கே போனார்கள்? உங்களிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. இன்னும் இருபது வருடம் பயன்படுத்தினாலும் பதில் கிடைக்காது. பயன்படுத்துகிறவருக்குத் தெரிவது தன் ஒரு திரை மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பியின் திரையில் என்ன ஓடுகிறது என்பதுகூடத் தெரியாது. செய்தித்தாள் என்றால் நீங்கள் பார்த்த பக்கத்தையே நானும் பார்ப்பேன், அதை வைத்து நாம் சண்டை போடலாம். இங்கே அப்படி ஒரு பொதுப் பக்கமே கிடையாது. கோடிக்கணக்கான தனித்தனித் திரைகளைப் பற்றி ஒரு உண்மையை எப்படிச் சொல்வது? இந்தப் படிப்பின் முதல் சிக்கலே அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் இதைப் படிக்கிறோமோ இல்லையோ, இது நம்மைப் படித்துக்கொண்டிருக்கிறது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேரின் பக்கங்களில் ஒரு சோதனை நடத்தியது. சிலருக்கு நண்பர்கள் எழுதிய மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்துக் காட்டியது, வேறு சிலருக்கு வருத்தமான பதிவுகளைக் குறைத்தது. அப்புறம் அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தது. கிடைத்த விளைவு மிக மிகச் சிறியது. ஆனால் அந்த ஆறு லட்சத்துச் சொச்சம் பேரில் ஒருவரிடமும் தனியாக அனுமதி கேட்கவில்லை. 2014இல் கட்டுரை வெளியான பிறகுதான் வெளியுலகத்துக்கே தெரிந்தது. கணக்குத் தொடங்கும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தினார்களே, அதுவே போதுமான அனுமதி என்றார்கள். கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே பின்னர் இதைப் பற்றிக் கவலை தெரிவித்துக் குறிப்பு எழுதியது.

அதற்கும் முன்னால், 2010 நவம்பர் 2, அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாள். ஃபேஸ்புக்கில் 6 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பக்க உச்சியில் ‘ஓட்டுப் போடுங்கள்’ என்று ஒரு செய்தி. அதன் கீழே, ஏற்கெனவே ஓட்டுப் போட்டதாகச் சொன்ன நண்பர்கள் சிலரின் முகங்கள். சிறு பிரிவினருக்கு மட்டும் முகங்கள் இல்லாமல் வெறும் செய்தி, இன்னொரு சிறு பிரிவினருக்கு எதுவுமே இல்லை. பிறகு, யார் யார் ஓட்டுப் போட்டார்கள் என்று காட்டும் அரசின் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். வெறும் செய்தியைப் பார்த்தவர்களிடம் மாற்றம் இல்லை, நண்பர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக வாக்குச் சாவடிக்குப் போனார்கள். நேரடியாகச் சுமார் 60,000 ஓட்டு, நண்பர்கள் வழியாகப் பரவியதில் மேலும் 2,80,000 ஓட்டு என்பது ஆய்வாளர்களின் கணக்கு. ஓட்டுப் போடச் சொல்வது நல்ல காரியம், சரி. நாளைக்கு ஒரு தொகுதிக்கு மட்டும் அந்தச் செய்தியைக் காட்டிப் பக்கத்துத் தொகுதிக்குக் காட்டாமல் விட்டால், அதை யார் கண்டுபிடிப்பார்கள்? அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்காத ஒருவர், எப்படித் தேடுவது என்று முறையாகக் கற்ற ஒருவர் வேண்டும். உங்கள் வீட்டுப் பெண் அப்படி ஒருவராக வரட்டும் என்பதுதான் என் ஆசை.

‘இதில் ஆராய என்ன இருக்கிறது, பொய்ச் செய்தியை மென்பொருளே இயக்கும் இயந்திரக் கணக்குகள் பரப்புகின்றன, அவ்வளவுதானே’ என்று பலர் சொல்லக் கேட்கிறேன். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) சுமார் 30 லட்சம் பேர் பகிர்ந்த, ஏறக்குறைய 1,26,000 செய்திச் சங்கிலிகளை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் எடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த அவர்களின் முடிவு இது: பொய், மறுபகிர்வு பெறும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல் ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இயந்திரக் கணக்குகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த வேறுபாடு மாறவில்லை, ஏனென்றால் அவை உண்மையையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் பரப்பியிருந்தன. பொய்யை ஓட வைத்தவர்கள் மனிதர்கள், புதுசாக இருக்கிறதே என்று பகிர்ந்தவர்கள். எல்லோருக்கும் தெரிந்தது என்று நாம் நினைத்திருந்த விஷயத்தை, உட்கார்ந்து எண்ணியவர்கள் திருத்தினார்கள்.

யாரும் சரியாகக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மியான்மர் இருக்கிறது. அங்குள்ள சிறுபான்மை முஸ்லிம்களான ரோகிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்புப் பதிவுகள் ஃபேஸ்புக்கில் பெருகுவதாக அங்கிருந்த ஆய்வாளர்களும் மனித உரிமைப் பணியாளர்களும் வருடக்கணக்காக எச்சரித்து வந்தார்கள். 2015 தொடக்கத்தில் அந்த நிறுவனத்துக்காகப் பதிவுகளைச் சரிபார்த்தவர்களில் பர்மிய மொழி தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பின்னாளில் எழுதியது. 2017இல் லட்சக்கணக்கானவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த வெறுப்பு பரவியதில் ஃபேஸ்புக்குக்குப் பங்கு உண்டு என்று 2018இல் ஐ.நா. உண்மை கண்டறியும் குழு சொன்னது. இதைப் படித்த பிறகும் ‘கைபேசியைத் தேய்ப்பதற்கு ஒரு பட்டமா’ என்று கேட்க எனக்கு மனம் வராது.

வகுப்பில் என்னதான் செய்வார்கள் என்று நினைப்பீர்கள். ஒரே ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். இருநூறு பதிவுகளை அச்சடித்து இரண்டு மாணவர்களிடம் கொடுப்பார்கள். ஒருவரையொருவர் கேட்காமல், தனித்தனியாக, ஒவ்வொன்றும் வெறுப்புப் பேச்சா இல்லையா என்று குறிக்க வேண்டும். பிறகு ஒப்பிட வேண்டும். முதல் தடவை ஒத்துப்போகவே போகாது. ‘ரொம்ப நல்லவங்கப்பா இவங்க’ என்று ஒரு பின்னூட்டம். ஒருவர் பாராட்டு என்று போட்டிருப்பார், மற்றவர் ஒரு சமூகத்தையே இழிவுபடுத்தும் குத்தல் என்று போட்டிருப்பார். எதற்குக் கீழே, யார், எந்த நேரத்தில் எழுதினார் என்று திரும்பப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். விதியைத் திருத்தி எழுதிவிட்டு மறுபடி குறிப்பார்கள். தற்செயலாகப் பொருந்தியதைக் கழித்துவிட்டு உண்மையில் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று கணக்கிட ‘கப்பா’ என்று ஒரு அளவு இருக்கிறது, 1960 முதல் புழக்கத்தில் உள்ளது. அந்த எண் தேறும்வரை விட மாட்டார்கள். ஒரு நாள் முழுக்க இப்படி உட்கார்ந்து குறித்த பிள்ளை, ‘எங்கள் செயற்கை நுண்ணறிவு வெறுப்பைத் தானாகவே நீக்கிவிடும்’ என்று எந்த நிறுவனம் சொன்னாலும் அடுத்த கேள்வியைக் கேட்கும்.

இதைவிட முக்கியமானது ஆய்வு நெறி. 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், ஒரு கல்லூரியில் ஒரே ஆண்டில் சேர்ந்த சுமார் 1,700 மாணவர்களின் ஃபேஸ்புக் பக்கங்களைத் திரட்டி, பெயர்களை நீக்கிவிட்டு மற்ற ஆய்வாளர்கள் பயன்படுத்த வெளியிட்டார்கள். கல்லூரியின் பெயரையும் சொல்லவில்லை. சில நாட்களிலேயே அது ஹார்வர்ட் என்று தெரிந்துவிட்டது. மாணவர் எண்ணிக்கை, அங்கே மட்டும் இருந்த பாடப்பிரிவுகளின் பெயர்கள், இவையே போதுமானதாக இருந்தன. சில நாடுகளிலிருந்து வந்தவர் அந்த வகுப்பில் ஒரே ஒருவர்தான். பெயரை நீக்கி என்ன பயன்? அதுமட்டுமல்ல, பக்கங்களைத் திரட்டிய உதவியாளர்கள் அதே கல்லூரியைச் சேர்ந்தவர்கள். சக மாணவர்களுக்கு மட்டும் தெரியட்டும் என்று யாராவது வைத்திருந்தால் அதுவும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். அந்தத் தொகுப்பைப் பிறகு திரும்பப் பெற்றார்கள். கெட்ட எண்ணம் உள்ளவர்கள் செய்த வேலை இல்லை இது. ‘பொதுவில் இருப்பதைத்தானே எடுத்தோம்’ என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்து என்பதை ஒரு மாணவி அடுத்தவர் வாழ்க்கையில் கை வைப்பதற்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டும். தானாகக் கற்றுக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தப் பாடத்தைத்தான்.

2009இல் பிரிட்டனின் பர்மிங்ஹாம் சிட்டி பல்கலைக்கழகம் சமூக ஊடகத்தில் எம்.ஏ. தொடங்குவதாக அறிவித்தபோதும், இதைத் தானாகவே கற்றுக்கொள்ளலாமே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதைத் தானாகவே கற்றுக்கொள்ளலாம்தான், அதில் எனக்கும் சந்தேகமில்லை. அதைச் சொல்லிக்கொடுத்துப் பட்டம் தருகிற இடங்கள் இருக்கின்றன. உங்கள் கோபம் அந்தப் பக்கம் திரும்பினால் நானும் கூட நிற்கிறேன். பின்தொடர்வோரைப் பெருக்குவது எப்படி, எந்த மணிக்குப் பதிவிட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்பதெல்லாம் சில வாரப் பயிற்சி. அதையும் அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் தன் விதியை மாற்றினால் குப்பையில் போட வேண்டியதுதான். பிள்ளைகளின் சேமிப்பை வாங்கிக்கொண்டு அதை முதுகலை என்று விற்பது அநியாயம்.

ஆகவே அவள் பணம் கட்டுவதற்கு முன்னால் சிலவற்றை விசாரிக்கட்டும். ஆய்வு முறையும் ஆய்வு நெறியும் கட்டாயப் பாடங்களா, விருப்பப் பாடங்களா? விருப்பப் பாடம் என்றால் அந்த இடம் வேண்டாம். சமூகவியல், மொழியியல், கணினி, சட்டம் என்று வெவ்வேறு துறைக்காரர்கள் வகுப்பெடுக்கிறார்களா, இல்லை விளம்பரத் துறையிலிருந்து வந்த ஒருவரே எல்லாவற்றையும் நடத்துகிறாரா? புள்ளியியலை அவள் தட்டிக்கழிக்கக் கூடாது. வரலாறு படித்தவள் என்பது இங்கே பெரிய பலம்தான். ஒரு ஆவணத்தை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று சந்தேகப்படும் பழக்கம் அவளிடம் ஏற்கெனவே இருக்கும்.

தரவு எங்கிருந்து வரும் என்றும் தவறாமல் கேட்க வேண்டும், ஏனென்றால் கதவுகள் மூடிக்கொண்டே வருகின்றன. 2021இல் கல்வி ஆய்வாளர்களுக்கென்று இலவச வழி திறந்த ட்விட்டர், கை மாறிய பிறகு 2023இல் அதை மூடியது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் எது பரவுகிறது என்று பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை, இரண்டுக்கும் சொந்தக்காரரான மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்டில் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் மட்டும், அங்கே மாதம் 4.5 கோடி பயனாளர்களுக்குக் குறையாத தளங்கள் தகுதிபெற்ற ஆய்வாளர்களுக்குத் தரவு தர வேண்டும் என்கிறது. இந்த நிலையில் மாணவர்கள் எதை வைத்து ஆய்வேடு எழுதுகிறார்கள் என்பதற்குத் துறைத்தலைவரிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும். முந்தைய ஆண்டு ஆய்வேடுகளில் இரண்டைக் கேட்டு வாங்கி அவள் வாசிக்கட்டும், நீங்களும் வாசியுங்கள். அவற்றில் உங்களுக்குத் தெரியாத எதுவுமே இல்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அந்த இடத்தில் சேராதே என்று அவளுக்கு இதே பக்கத்தில் சொல்கிறேன்.