மஞ்சள் விலையும் பத்து நிமிட உரையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டு மஞ்சள் ஏல விலையை விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். கோவையில் மென்பொருளாளர்கள் கூடும் சந்திப்பு ஒன்றில் பத்து நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் மேடையேறிப் பழக்கமில்லை. வருபவர்களோ என்னைவிட அனுபவசாலிகள். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசினால்தான் மதிப்பு என்கிறார்கள் நண்பர்கள். செய்தியைத் தமிழுக்கு மாற்றியதும் செலவு ஏறிப்போனதையும், அதைச் சரிசெய்ததையும் தவிரச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. அது போதுமா?

வாசகர், பெருந்துறை

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் போதும். செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பொதுவாகப் பேச அந்த அரங்கிலேயே பலர் இருப்பார்கள். மஞ்சள் விலைச் செய்தி தமிழுக்கு மாறியதும் ஏன் துண்டு துண்டாகப் பிரிந்து செலவை ஏற்றியது என்று தேடிக் கண்டுபிடித்தவர் நீங்கள்தான்.

உங்களை அறிமுகம் செய்துகொள்ள ஒரு வாக்கியம் போதும். உடனே உங்கள் ஊரின் பெயரைத் திரையில் போட்டு, இதில் எத்தனை எழுத்து என்று அரங்கைக் கேளுங்கள். ஐந்து என்பார்கள். அதையே பைத்தான் நிரல்மொழியில், நீளத்தை எண்ணும் லென் கட்டளை கொடுத்து எண்ணிக் காட்டினால் 10 என்று வரும். எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘பெ’ என்பது பகரமும் கொம்பும், ‘ந்’ என்பது நகரமும் புள்ளியுமாக இரண்டிரண்டு குறியீடுகள் என்பதை அந்த ஒரு சொல்லே விளக்கிவிடும்.

அங்கிருந்து குறுஞ்செய்திக்கு வாருங்கள். ஒரு செய்தியின் கொள்ளளவு 140 பைட்; ஒரு பைட் என்பது 8 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்துகள் அடங்குகின்றன. ஒரே ஒரு தமிழ்க் குறியீடு நுழைந்தாலும் செய்தி முழுவதும் 16 பிட் முறைக்கு மாறி, எல்லை 70 குறியீடுகளாகக் குறைகிறது. அதையும் தாண்டினால், துண்டுகளை மறுமுனையில் சேர்ப்பதற்கான தகவலும் இடம் பிடித்துக்கொள்வதால் துண்டுக்கு 67தான். விரலி மஞ்சளுக்கு ஒரு விலை, கிழங்கு மஞ்சளுக்கு ஒரு விலை, குவிண்டாலுக்குக் குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று எழுதி முடிப்பதற்குள் 70 கடந்துவிடும். உங்கள் பழைய வாசகத்தையும் சுருக்கிய வாசகத்தையும் அருகருகே வைத்து, துண்டுகளின் எண்ணிக்கையைக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் பாதியை இதற்கே தரலாம்.

அலுவலகத்தில் ஒரு பக் (நிரல் பிழை) வந்தால் பக்கத்து இருக்கைக்காரரிடம் எந்த மொழியில் விளக்குவீர்களோ அந்த மொழியிலேயே பேசுங்கள். ஸ்ட்ரிங், ஃபங்ஷன் போன்ற சொற்கள் அப்படியே வரட்டும். தமிழ் தெரியாதவர் ஓரிருவர் இருந்தால் திரையில் உள்ள நிரல் அவர்களுக்கு உதவும். அனுபவசாலிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம்; வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகவே ஆண்டுக்கணக்கில் நிரல் எழுதியவருக்குத் தமிழ் வாசகத்தைக் கையாளும் வாய்ப்பே அமைந்திராது. அந்த அறிவு நம் ஊரில் பரவ வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

வேறொருவர் மடிக்கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாமல் வெறும் கட்டங்கள் தெரியக்கூடும் என்பதால், திரைப் பக்கங்களை எழுத்துருவோடு பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துச் செல்லுங்கள். அரங்கின் இணையத்தை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அனுப்பினால் செலவு மிச்சம்தானே என்று ஒருவராவது கேட்பார். அந்தச் செய்தியைப் படிக்கும் விவசாயிகள் இரண்டு மூன்று பேரை முன்கூட்டியே விசாரித்து, அவர்கள் சொன்னதை அவர்கள் பேச்சிலேயே அரங்கில் சொல்லுங்கள்.