கடலில் திமிங்கலம் எண்ணுவது எப்படி? – கேள்வி பதில்

ஆய்வுக் கப்பலின் மேல்தளத்தில் நின்று திமிங்கலம் எண்ணும் வேலையைப் பல பருவங்களாகச் செய்துவருகிறேன். "இத்தனை ஆயிரம் திமிங்கலங்கள் உள்ளன" என்று செய்தி வரும்போதெல்லாம், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கின்றன.

கேள்வி: அக்கா, இவ்வளவு பெரிய கடலில் எல்லாத் திமிங்கலத்தையும் எப்படி எண்ணி முடிப்பீர்கள்?

முடியவே முடியாது தம்பி. எல்லாவற்றையும் எண்ணுவது எங்கள் நோக்கமும் இல்லை. வரைபடத்தில் முன்கூட்டியே கோடுகள் போட்டுக்கொள்வோம். பெரும்பாலும் வளைந்து வளைந்து போகும் நெளிகோடுகள். கப்பல் அந்தக் கோட்டின் மேல் சுமார் 10 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும். இருபுறமும் பார்த்துக்கொண்டே போவோம். கண்டதை வைத்து மொத்தத்தைக் கணக்கிடுவோம்.

ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். 1,000 கிலோமீட்டர் ஓடினோம். கண்ணுக்கு எட்டிய தூரத்தையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு பக்கத்துக்கு 2 கிலோமீட்டர் அகலத்தை முழுமையாகப் பார்த்ததற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் சேர்த்துப் பார்த்த பரப்பு 4,000 சதுர கிலோமீட்டர். அதில் கண்டது 30 திமிங்கலம். ஆய்வுப் பகுதி முழுவதும் 2,00,000 சதுர கிலோமீட்டர், அதாவது பார்த்ததைப் போல் 50 மடங்கு. அப்படியானால் 1,500 திமிங்கலம். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பார்க்கத் தவறியவை எத்தனை என்று இனிமேல்தான் கேட்க வேண்டும். வேலையின் கடினமான பாதி அதுதான்.

கேள்வி: ஒரு பக்கம் 2 கிலோமீட்டர் என்று எப்படித் தெரியும்? கடலில் அளவுகோல் இல்லையே?

அளவுகோல் அடிவானம்தான். நாங்கள் பயன்படுத்தும் பெரிய பைனாகுலர் 25 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். தூண் போன்ற தாங்கியில் பொருத்தியிருப்பார்கள். கையில் தூக்க முடியாது. கண்ணாடிக்குள் ஏணிப்படி மாதிரி மெல்லிய கோடுகள் தெரியும். மேல்கோட்டை அடிவானத்தில் பொருத்திவிட்டு, திமிங்கலம் அதற்கு எத்தனை கோடு கீழே இருக்கிறது என்று எண்ணுவோம். கடல்மட்டத்திலிருந்து நம் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது தெரியும். அதை வைத்துத் தூரம் கிடைத்துவிடும். கண் 16 மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானமே 14 கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும்.

அடுத்தது கோணம். பைனாகுலரின் அடியில் பாகைகள் குறித்த வட்டத்தகடு இருக்கும். கப்பலின் மூக்கிலிருந்து வலப்புறம் 30 பாகை, தூரம் 2 கிலோமீட்டர் என்றால், எங்கள் கோட்டிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் 1 கிலோமீட்டர். இந்தச் செங்குத்துத் தூரம்தான் கணக்கின் உயிர். கோட்டுக்குப் பக்கத்தில் நிறையப் பார்த்திருப்போம், தள்ளித் தள்ளிப் போகக் குறைந்துகொண்டே வரும். எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை வரைந்து பார்த்தால், பயனுள்ள அகலம் என்ன என்பது அந்த வரைபடத்திலிருந்தே தெரிந்துவிடும்.

அதனால்தான் புதிதாக வருபவர்களிடம் கோணத்தைத் தோராயமாகச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சுவேன். முன்னால் தெரிவதை எல்லாம் "நேர் எதிரே, பூஜ்யம்" என்று சொல்லும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். 4 பாகை, 6 பாகையில் இருந்தவை எல்லாம் பூஜ்யத்தில் போய்க் குவிந்தால், பார்த்த அகலம் குறுகியதுபோல் கணக்குக் காட்டும். திமிங்கலம் இல்லாத இடத்தில் திமிங்கலம் முளைத்துவிடும். நான் இருந்த ஒரு பயணத்தில் ஒருநாள் பதிவு முழுவதிலும் இடமும் வலமும் மாறிப்போயிருந்தது. ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு ஒவ்வொன்றாகத் திருத்த இரண்டு இரவுகள் ஆயின.

கேள்வி: நான் புள்ளியியல் படிக்கிறேன். கண்ணில் படாததை எப்படிக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?

இதைக் கேட்டதற்கு மிக்க மகிழ்ச்சி அம்மா. திமிங்கலம் தவறிப்போக இரண்டு காரணங்கள். ஒன்று, அது மேலே வந்தும் நாம் கவனிக்காமல் விட்டது. இன்னொன்று, நாம் கடந்துபோகும்வரை அது மேலேயே வராதது.

முதலாவதற்கு, ஒரே கப்பலில் இரண்டு குழுக்களைத் தனித்தனி உயரத்தில் நிறுத்துவோம். ஒரு குழு கண்டது இன்னொரு குழுவுக்குத் தெரியக் கூடாது. மேல்குழு 40 கூட்டம் கண்டது, கீழ்க்குழு 30 கண்டது, இரண்டுக்கும் பொதுவானவை 20 என்று வையுங்கள். கீழ்க்குழு கண்ட 30-இல் 20-ஐத்தான் மேல்குழுவும் கண்டிருக்கிறது. ஆக மேல்குழுவின் திறன் மூன்றில் இரண்டு. அப்படியானால் மேலே வந்தவை சுமார் 60 இருந்திருக்க வேண்டும். இரண்டு குழுவும் சேர்ந்து கண்டது 50-தான். 10 யார் கண்ணிலும் படவில்லை.

கேட்க எளிது. நின்று பார்த்தால்தான் தெரியும். மேல்கூண்டில் இருக்கும்போது, 3 கிலோமீட்டரில் ஒரு துடுப்புத் திமிங்கலம் மூச்சு விடுவதைப் பார்த்தேன். கீழே இருந்தவர்கள் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்தக் கூடாது, கைகாட்டக் கூடாது, அவர்கள் பார்க்கும்படி தலையைக்கூடத் திருப்பக் கூடாது. ஒலிவாங்கியில் மட்டும் தாழ்ந்த குரலில் கோணம், கோடு, இனம், எண்ணிக்கை. நான்கு முறை மூச்சுவிட்டு, முதுகை வளைத்து உள்ளே போய்விட்டது. கீழே கடைசிவரை யாரும் பார்க்கவில்லை. அவர்கள் பார்க்கவில்லை என்பதும் ஒரு தரவு. நான் கத்தியிருந்தால் அது அழிந்திருக்கும்.

நீருக்கடியிலேயே இருப்பவற்றுக்கு இந்த முறை போதாது, இரண்டு குழுவும் சேர்ந்தே தவறவிடும். அதற்கு அந்த இனம் எவ்வளவு நேரம் மேலே, எவ்வளவு நேரம் கீழே என்ற தகவலை, உடலில் ஒட்டும் கருவிகளிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன 1,500-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டின் மேலேயே இருந்தவற்றில் பத்தில் ஆறைத்தான் பார்த்தோம் என்று தெரியவந்தால், அந்த எண் 2,500 ஆகிவிடும்.

கேள்வி: ஒரே திமிங்கலத்தை இரண்டு தடவை எண்ணிவிட மாட்டீர்களா?

அது பெரிய சிக்கல் இல்லை. ஒவ்வொன்றையும் தனியாக எண்ணி முடிப்பதல்ல, ஒரு பரப்பில் எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பதே முறை. திமிங்கலம் கப்பலைவிட மெதுவாக, தன் போக்கில் திரிந்தால் பிழை சிறிதுதான். நாங்கள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு: கப்பலைப் பார்த்து வருபவை, விலகுபவை. வட பசிபிக்கின் டால் கடற்பன்றி (திமிங்கல இனத்தின் சிறிய உறவு) கப்பல் முகப்பின் அலையில் விளையாட ஓடி வரும். அது வந்த பிறகு எழுதினால் எண்ணிக்கை பலமடங்கு ஊதிவிடும். அதனால் கப்பல் வருவதை அது உணரும் முன்பே, தூரத்தில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். அவ்வளவு பெரிய பைனாகுலர் எதற்கு என்பதற்கும் இதுதான் விடை.

கேள்வி: திமிங்கலம் நிறைய இருக்கும் இடத்துக்கே நேரே போனால் எரிபொருள் மிச்சம்தானே?

மனசு அப்படித்தான் சொல்லும் சார். ஆனால் கூட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துப் போய் எடுத்த அடர்த்தியைக் கடல் முழுவதற்கும் பெருக்கினால் பொய்யான எண் வரும். கோட்டுக்கு வெளியே, ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, முப்பது துடுப்புத் திமிங்கலம் இரை தின்பதைப் பார்த்திருக்கிறேன். குறிப்பேட்டில் ஏறியது, மதிப்பீட்டில் ஏறவில்லை. மறுநாள் பனிமூட்டத்தில் ஒன்றுகூடப் பார்க்காமல் ஓடிய வெற்றுக் கோடு மதிப்பீட்டில் ஏறும் என்று நினைத்திருந்தோம். பார்வை எட்டாததால் அதுவும் ஏறவில்லை.

பகுதி முழுவதையும் ஒரே பருவத்தில் பார்ப்பதும் முக்கியம். ஐரோப்பியக் கடல்களில் 1994-இலும் 2005-இலும் பெரிய கணக்கெடுப்பு நடந்தது. வட கடலில் துறைமுகக் கடற்பன்றிகளின் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது. ஆனால் கூட்டம் வடமேற்கிலிருந்து தெற்கே நகர்ந்திருந்தது. வடபகுதியை மட்டும் பார்த்திருந்தால் இனமே அழிகிறது என்று அலறியிருப்போம்.

கேள்வி: எந்த அளவு காற்றுவரை வேலை நடக்கும்?

காற்றின் வலிமையைக் குறிக்கும் போஃபர்ட் அளவில் 5 வரை பெரிய திமிங்கலங்களுக்குப் பார்ப்பதுண்டு. கடற்பன்றி, அலகுத் திமிங்கலம் போன்றவற்றுக்கு 2-ஐத் தாண்டினாலே நம்பிக்கை போய்விடும். வெள்ளை நுரை ஆங்காங்கே தெரிய ஆரம்பித்தால் ஒவ்வொரு நுரையும் ஒரு முதுகாகத் தெரியும்.

ஒரே இடத்தில் 40 நிமிடத்துக்கு மேல் நிற்கவிட மாட்டார்கள். இடது பைனாகுலர், பதிவு, வலது பைனாகுலர் என்று சுற்றிவிட்டு 2 மணி நேரத்தில் இறங்க வேண்டும். கண் களைத்தது நமக்கே தெரியாது.

கேள்வி: அவ்வளவு தூரத்தில் எந்தத் திமிங்கலம் என்று எப்படித் தெரியும் அக்கா?

முதலில் தெரிவது மூச்சுதான். நீலத் திமிங்கலத்தின் மூச்சு ஒல்லியாக, நேராக, 9 மீட்டர்வரை எழும். கூன்முதுகுத் திமிங்கலத்தினுடையது புதர் மாதிரி குட்டை. ரைட் திமிங்கலத்தினுடையது இரண்டாகப் பிரியும். ஸ்பெர்ம் திமிங்கலத்துக்கு மூக்குத்துளை தலையின் இடது முனையில் இருப்பதால், மூச்சு முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து வரும். காற்று அடித்தால் இந்த அடையாளங்கள் கலைந்துவிடும். அப்போது "இனம் தெரியாத பெரிய திமிங்கலம்" என்று எழுதுவோம். ஊகித்து எழுதுவதைவிட அதுவே மதிப்புள்ள பதிவு.

கேள்வி: ஸ்பெர்ம் திமிங்கலம் மணிக்கணக்கில் முக்குளிக்குமாமே. கப்பல் போய்விடாதா?

போய்விடும். அது முக்குளித்தால் 45 நிமிடம், ஒரு மணி நேரம் ஆகும். 10 நாட் வேகத்தில் நாங்கள் ஒரு மணி நேரத்தில் 18 கிலோமீட்டர் தாண்டியிருப்போம். ஆனால் அது கீழே சும்மா இருக்காது. இரை தேடி 'டிக் டிக்' என்று ஒலி விட்டுக்கொண்டே இருக்கும். கப்பலுக்குப் பின்னால் நீண்ட கேபிளில் நீரொலி வாங்கிகளை இழுத்துப் போவோம். ஒலி இரண்டு வாங்கிகளை அடையும் நேர வித்தியாசத்தை வைத்துத் திசை தெரியும். கப்பல் நகர நகரத் திசை மாறுவதை வைத்து இருக்குமிடம் தெரியும். இரவிலும் வேலை செய்யலாம்.

கூவியர் அலகுத் திமிங்கலம்தான் உண்மையான சோதனை. அது 3 மணி 42 நிமிடம் மூச்சடக்கியதை உடலில் ஒட்டிய கருவி பதிந்திருக்கிறது. அதன் எண்ணிக்கை என்று யாராவது ஒற்றை எண்ணைச் சொன்னால், பிழை வரம்பு என்ன, அதாவது உண்மையான எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: பிழை வரம்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள். சாதாரண மனிதருக்கு அதனால் என்ன?

அண்டார்க்டிக் மிங்கி திமிங்கலத்தின் கதையைக் கேளுங்கள் ஐயா. சர்வதேசத் திமிங்கல ஆணையத்தின் கணக்கெடுப்புக் கப்பல்கள் 1978/79 பருவத்தில் தொடங்கி அண்டார்க்டிகாவை மூன்று முறை சுற்றின. இரண்டாம் சுற்றில் (1985/86 முதல் 1990/91 வரை) 7,20,000. மூன்றாம் சுற்றில் (1991/92 முதல் 2003/04 வரை) 5,15,000. இந்த எண்களில் உடன்பாடு வரவே 2012 ஆனது. இவற்றை மட்டும் பார்த்தால் 2 லட்சம் திமிங்கலம் காணாமல் போய்விட்டது. வரம்பைப் பாருங்கள்: இரண்டாம் சுற்றுக்கு 5,12,000 முதல் 10,12,000 வரை, மூன்றாம் சுற்றுக்கு 3,61,000 முதல் 7,33,000 வரை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. போதாததற்கு, மிங்கி பனிக்கட்டிகளின் நடுவே உள்ளே போய் இருக்கும். கப்பல் பனி விளிம்போடு நின்றுவிடும். ஒரு வருடம் பனி எவ்வளவு விரிந்தது என்பதே எண்ணை மாற்றும். இறங்குமுகமா இல்லையா என்று நாங்கள் நேர்மையாகச் சொல்லக்கூடியது அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு சிரமம் எதற்கு? முன்பு வேட்டைக் கப்பல்கள் வைத்த கணக்கே போதாதா?

அந்தக் கணக்கில் பொய் இருந்தது. தென் அரைக்கோளத்தில் 2,710 கூன்முதுகுத் திமிங்கலம் கொன்றதாகச் சோவியத் ஒன்றியம் கணக்குக் கொடுத்தது. 1990-களில் அந்நாட்டு விஞ்ஞானிகளே மறைத்துவைத்த பதிவுகளை வெளியிட்டார்கள்: உண்மையில் 48,000-க்கு மேல். இதைப் படித்த நாளின் வலி இன்னும் எனக்கு ஆறவில்லை. அந்த 2,710-ஐ நம்பிக் கணித்தவர்களுக்கு, கூட்டங்கள் ஏன் திடீரென்று சரிந்தன என்றே புரியாமல் இருந்தது.

அண்டார்க்டிக் நீலத் திமிங்கலம் வேட்டைக்கு முன் சுமார் 2,39,000 இருந்ததாக மதிப்பீடு. அதே மூன்று சுற்றுகளில் கிடைத்த எண்கள் 453, 559, 2,280. ஏறுமுகம்தான், ஆனாலும் பழைய கூட்டத்தில் நூற்றுக்கு ஒன்று. வேறு எந்த வழியிலும் இந்த ஏற்றம் நமக்குத் தெரிந்திருக்காது.

கேள்வி: ஆய்வு என்ற பெயரில் அவற்றைக் காயப்படுத்துகிறீர்களா?

எண்ணுவதற்குத் தொடவே தேவையில்லை. சில பயணங்களில் வில்லால் சிறு அம்பு எய்து விரல்நுனி அளவு தோலும் கொழுப்பும் எடுப்பதுண்டு; அம்பு தெறித்து நீரில் மிதக்கும். ஆணா பெண்ணா, எந்தக் கூட்டம், கர்ப்பமா என்பதெல்லாம் அதில் தெரியும். ஒரு காலத்தில் எஃகுக் குழாயை உடலுக்குள் சுட்டு, பிறகு அந்தத் திமிங்கலம் வேட்டையில் அறுபடும்போது குழாய் கிடைத்தால் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த முறை போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

கேள்வி: டிரோன், செயற்கைக்கோள் வந்த பிறகு கப்பல் எதற்கு?

டிரோன் உடல் நீளமும் கொழுப்பும் அளக்க அருமை. செயற்கைக்கோள் எட்டாத இடங்களைக் காட்டும், மேகம் இல்லாவிட்டால். ஒலி, தோல் மாதிரி, இனம் பிரித்தறிதல் எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது கப்பலில்தான்.

கேள்வி: படகில் போகும்போது கூன்முதுகுத் திமிங்கலத்தைப் படம் எடுத்தேன். உங்களுக்குப் பயன்படுமா?

நிச்சயமாக. முக்குளிக்கும்போது வால் மேலே எழுமே, அதன் அடிப்பக்கம் தெரிகிற படம்தான் வேண்டும். அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலமும் விளிம்பின் வெட்டுகளும் கைரேகை மாதிரி, ஒவ்வொன்றுக்கும் வேறு. அதே வால் இன்னொரு வருடம் இன்னொருவர் படத்தில் வந்தால், மறுபடி கண்டவை, புதிதாகக் கண்டவை என்ற விகிதத்தைக் கொண்டு கூட்டத்தின் அளவைக் கணிக்கலாம். மங்கலாக இருந்தாலும் அழிக்காதீர்கள். தேதி, நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.