தங்கத் துகளுக்கு எந்தப் படிப்பு?

பெரம்பூர் அம்மாவுக்கு,

பிளஸ் டூ படிக்கும் உங்கள் மகள், "தங்கத் துகளை வைத்து ரத்தப் பரிசோதனை செய்கிற வேலைக்குத்தான் போவேன்" என்று நிற்கிறாள். அது பிழைப்புக்கு ஆகுமா, பேசாமல் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்ப்பதற்கு முன்னால் அவள் எதைக் கேட்கிறாள் என்று பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனைக் கார்டில் சிவப்புக் கோடு விழுமே, பல கார்டுகளில் அது சாயம் இல்லை, தங்கம். 20 நானோமீட்டர் அளவுக்குப் பொடிந்த தங்கம் மஞ்சளாக இருக்காது (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை அதன் எலக்ட்ரான்கள் விழுங்கிவிடுவதால் சிவப்பாகத் தெரியும். துகளின் மேல் ஆன்டிபாடியை, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் பிடிக்கும் புரதத்தை, ஒட்டிவைத்தால், தேடுகிற பொருள் வந்து பிடித்துக்கொள்ளும்போது விழுங்கும் ஒளியின் அலைநீளம் இம்மியளவு நகரும். அந்த நகர்வை அளந்து, ரத்தத்தில் அந்தப் பொருள் எவ்வளவு என்று சொல்வதுதான் உங்கள் மகள் சொல்லும் துறை.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இதை நேரில் பார்த்தேன். வெளிர் மஞ்சள் தங்கக் கரைசல் கொதித்துக்கொண்டிருந்தது. சோடியம் சிட்ரேட் ஊற்றியதும் நிறம் போனது, கருத்தது, சில நிமிடத்தில் திராட்சைச் சாறு போலச் சிவந்தது. ஆறவைத்துக் கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டார்கள், கண்ணெதிரே நீலமானது. பக்கத்தில் நின்ற மாணவி மூச்சு விடவில்லை. உங்கள் மகளும் அப்படிப்பட்டவள் என்றுதான் கடிதத்திலிருந்து தெரிகிறது.

ரத்தம் என்று வந்தால் சுலபமில்லை. ரத்தமே சிவப்பு, ஹீமோகுளோபினும் ஏறக்குறைய அதே இடத்தில் ஒளியை விழுங்கும். ஆல்புமின் போன்ற புரதங்கள் கூப்பிடாமலே வந்து துகளில் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சிக்கல்களை அவிழ்க்கத்தான் ஆள் தேவை. வீட்டிலிருக்கும் குளுக்கோமீட்டர் வேறு வகை; அது நொதியை (என்சைம்) வைத்து மின்னோட்டத்தை அளக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். இளநிலையிலேயே 'நானோ' என்று பெயர்ப் பலகை வைத்த படிப்பைத் தேடாதீர்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். பெயரை நம்பிச் சேர்ந்த ஒரு பையன், வேலை அறிவிப்புகளில் தன் படிப்பின் பெயரே இல்லாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறான். இயற்பியல், வேதியியல், பயோடெக்னாலஜி, இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் பொறியியல்) என ஏதாவது ஒரு வேர்ப் படிப்பு போதும். நானோ முதுநிலையில் வரட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் அதற்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது.

பி.எஸ்சி. என்றால் மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி போன்றவை. அப்புறம் ஜாம் (JAM) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. ஆனால் பி.எஸ்சி. முடித்த கையோடு இந்தத் துறையில் நல்ல சம்பளம் எதிர்பார்க்க முடியாது. ஆராய்ச்சிக்குப் போனால் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. நான்கு வருடத்தில் வீட்டுக்குச் சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் பி.இ. இ.சி.இ. அல்லது பயோமெடிக்கல் எடுக்கட்டும். நிறமாற்றத்தை எண்ணாக்கிக் காட்டும் கருவியும் இதே துறைதான்; மனம் மாறினால் மற்ற வேலைகளுக்கும் வழி இருக்கும். பொறியியல் கட்ஆஃபில் 200க்கு 100 கணிதத்துக்கே போகிறது. கணிதம் அவளுக்குக் கைவருமா என்று எழுதுங்கள்.

இன்று இரவு சாப்பிடும்போது அவளிடம் ஒன்று கேளுங்கள்: உப்பு போட்டதும் தங்கக் கரைசல் ஏன் நீலமாகிறது? எலக்ட்ரான், ஒளி என்று ஆரம்பித்தால் இயற்பியல். துகளின் மேலிருக்கும் சிட்ரேட், மின்சுமை என்று போனால் வேதியியல். "ரத்தத்திலும் உப்பு இருக்கிறதே, அப்போது என்ன செய்வார்கள்?" என்று உங்களையே திருப்பிக் கேட்டால் பயோடெக்னாலஜி. அவள் சொன்னதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.