கர்ப்பத்தில் ஜிங்க் குறைவு: மாத்திரை வேண்டுமா?

கேள்வி: எனக்கு ஐந்தாம் மாதம். சைவ உணவுதான். ரத்தத்தில் ஜிங்க் (துத்தநாகச் சத்து) டெசிலிட்டருக்கு 58 மைக்ரோகிராம் இருக்கிறது. 70-க்கு மேல் வேண்டுமாம். மருந்துக்கடையில் 50 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடலாமா? குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்குமா?

பதில்: பயப்படாதீர்கள். அந்த 70 கர்ப்பமில்லாத பெண்களுக்கான அளவு. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால், ஜிங்கைச் சுமக்கும் ஆல்புமின் என்ற புரதம் நீர்த்துவிடுகிறது. நான்காம் மாதத்துக்குப் பிறகு 50-க்குக் கீழே போனால்தான் குறைவு என்று கணக்கு. சாப்பிட்ட பிறகோ மதியமோ ரத்தம் எடுத்திருந்தாலும் அளவு இறங்கித் தெரியும்.

50 மில்லிகிராம் மாத்திரை வேண்டாம். உணவையும் சேர்த்து ஒரு நாளைக்கு 40-ஐத் தாண்டக் கூடாது. மாதக்கணக்கில் தாண்டினால் குடல் தாமிரத்தை உள்ளே விடாது. இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை வரும். அட்டையில் சிறிய எழுத்தையும் பாருங்கள்: 55 மில்லிகிராம் ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் என்றால் உள்ளே இருக்கும் ஜிங்க் 20 மட்டுமே.

உங்கள் தேவை நாளுக்கு 14.5 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). சைவத்தில் சிக்கல் அளவைவிட ஃபைட்டேட்தான். பருப்பிலும், தானியத்தின் தவிட்டிலும் இருக்கும் இது ஜிங்கைப் பிடித்துக்கொண்டு குடலில் விடாது. நம் சமையலிலேயே வழி உண்டு. கொண்டைக்கடலையை 12 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, ஒரு நாள் முளைகட்டி, வேகவைத்துச் சுண்டலாக்குங்கள். பச்சையாகச் சாப்பிட வேண்டாம். முளைவிடும் ஈரத்தில் கிருமியும் வளரும். இட்லி மாவு புளிக்கும்போதும் ஃபைட்டேட் குறைகிறது. இட்லிக்கு எள்ளுப்பொடி தொட்டுக்கொள்ளுங்கள். 20 கிராம் எள்ளில் சுமார் ஒன்றரை மில்லிகிராம் ஜிங்க். ஒரு டம்ளர் பால் முக்கால் தரும். முந்திரியும் நல்லதுதான், எடை தேவைக்கு மேல் ஏறாத அளவுக்கு.

இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள். வெறும் வயிற்றில் இரண்டும் சேர்ந்தால் இரும்பு ஜிங்கைத் தள்ளிவிடும். ஜிங்க் கலந்த சத்து மாத்திரை தந்திருந்தால் மதியச் சாப்பாட்டோடும், இரும்பை இரவிலும் போடுங்கள்.

மூளை பற்றிக் கேட்டீர்கள். செல் பிரிய ஜிங்க் அவசியம். கடுமையான குறைவில் கருவின் உறுப்புகள் பாதிக்கப்படலாம். உங்கள் அளவு அதற்கு அருகில்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனமும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஜிங்க் மாத்திரை தரச் சொல்வதில்லை. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை, வாயைச் சுற்றி ஆறாத புண் இருந்தால் மட்டும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்போது மாத்திரையின் அளவை அவர் முடிவு செய்வார்.