ஸ்பினோசாவும் மதகுருக்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினேழாம் நூற்றாண்டு டச்சுத் தத்துவவாதி ஸ்பினோசாவைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மதத்தை அரசியலிலிருந்து வெளியேற்றியவர் என்றுதான் கல்லூரியில் எங்களுக்குச் சொன்னார்கள். ஆனால் அவருடைய ‘இறையியல்-அரசியல் ஆய்வுரை’ நூலின் 19ஆம் அத்தியாயத்தில் மத விவகாரங்களில் அரசுக்கே முழு உரிமை என்கிறாரே! சிந்தனைச் சுதந்திரம் பேசியவர் இப்படி எழுதலாமா?

கு., மதுரை

அன்புள்ள கு.,

பலரும் 19ஐ நைசாகத் தாண்டி, சிந்தனைச் சுதந்திரம் பேசும் 20ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். நீங்கள் நின்று கேட்டது நல்லது.

ஸ்பினோசா மதத்தை வெளியேற்றவில்லை. பெரும்பாலான மனிதர்கள் வெறும் அறிவைக் கொண்டு ஒழுங்காக வாழ்ந்துவிட மாட்டார்கள் என்றே அவர் நினைத்தார். நீதியையும் அன்பையும் அவர்களுக்குப் பழக்க வேதாகமம் வேண்டும். அவருடைய கவலையெல்லாம் அந்த மூக்கணாங்கயிறு யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

அன்றைய ஹாலந்தில் கால்வினிய (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு) போதகர்கள் பிரசங்க மேடையிலேயே அரசியல் செய்தார்கள். குடியரசை நடத்திய யான் டி விட்டைப் பலர் எதிர்த்தார்கள், அவருக்குப் போட்டியான ஆரஞ்சு வம்ச இளவரசர் பக்கம் நின்றார்கள். ஸ்பினோசாவின் வட்டத்தைச் சேர்ந்த அட்ரியான் கூர்பாக் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி டச்சு மொழியிலேயே மதத்தை விமர்சித்து எழுதினார். சிறையில் போட்டார்கள், 1669இல் அங்கேயே செத்தார். மறு வருடம் ஸ்பினோசாவின் ‘ஆய்வுரை’ லத்தீனில், ஆசிரியர் பெயரே இல்லாமல் வந்தது. அச்சானது ஆம்ஸ்டர்டாமில், அட்டையில் போட்டது ஹாம்பர்க் என்று! 1671இல் டச்சு மொழிபெயர்ப்பு தயாராவது தெரிந்ததும், எப்படியாவது அதை நிறுத்தச் சொல்லி நண்பருக்குக் கடிதம் எழுதினார்.

இந்தப் பின்னணியோடு 19ஐப் படியுங்கள். போதகர்களுக்குத் தனி அதிகாரம் கொடுத்தால் நாட்டில் இரண்டு அரசாங்கங்கள் ஆகிவிடும். பழைய யூத அரசிலும் குருமார்கள் ஆட்சியைப் பிடித்த பிறகுதான் மதம் கெட்டது என்று முந்தைய அத்தியாயத்தில் வாதாடுகிறார். ஆகவே வெளிச்சடங்குகள் அரசின் பொறுப்பு. உள்ளத்துப் பக்தியில் அரசுக்கு வேலையில்லை. இதில் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் அவருக்கு அண்ணன் மாதிரி. 1651இல் வந்த ஹாப்ஸின் ‘லெவயதன்’ நூலின் முகப்புப் படத்து ராட்சத அரசனைப் பாருங்கள்: ஒரு கையில் வாள், மறு கையில் பிஷப்பின் செங்கோல்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அரசே மதவெறி பிடித்து அலைந்தால் என்ன செய்வது? டி விட் மாதிரி நிதானமானவர்கள் ஆள்வார்கள் என்று ஸ்பினோசா நம்பியிருக்க வேண்டும். 1672இல் ஹேக் நகரக் கும்பல் டி விட்டையும் அவர் அண்ணனையும் அடித்துக் கொன்றது. 1674இல் ஸ்பினோசாவின் நூலைத் தடை செய்தது அவர் உரிமையை ஒப்படைத்த அதே அரசுதான். ‘லெவயதனு’க்கும் அதே உத்தரவிலேயே தடை.