பிரிட்டன்ல நர்ஸ் வேலை: கருக்கலைப்பு டியூட்டி வேணாம்னு சொல்லலாமா?

கேள்வி: என் தங்கச்சிக்கு பிரிட்டன்ல என்ஹெச்எஸ் (அங்க அரசு மருத்துவ சேவை) ஆஸ்பத்திரில, கைனகாலஜி வார்டுல நர்ஸ் வேலை கெடச்சிருக்கு. கருக்கலைப்புக்கு உதவி பண்றது எங்க நம்பிக்கைக்கு ஆகாது மேடம். முடியாதுன்னு சொன்னா பிரச்சனை ஆகுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: சொல்லலாம்மா, சட்டமே அந்த உரிமைய குடுத்திருக்கு. அங்க 1967ல வந்த கருக்கலைப்பு சட்டத்துல நாலாவது பிரிவு இதுக்குன்னே இருக்கு, மனசாட்சி ஒத்துக்கலைன்னா அந்த சிகிச்சைல பங்கெடுக்கச் சொல்லி வேலை காண்ட்ராக்ட காட்டிக்கூட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. (நம்ம ஊர் டாக்டர்களுக்கு இது கிடையாது, மருத்துவ ரீதியா தேவைன்னா மதத்த மட்டும் காரணம் காட்டி மறுக்கக்கூடாதுன்னு மெடிக்கல் கவுன்சிலோட 2002 விதிகள்லயே இருக்கு.)

ஆனா அந்த உரிமைக்கு எல்லை ரொம்ப சின்னது, தங்கச்சி இத நல்லா புரிஞ்சிக்கணும். கிளாஸ்கோல லேபர் வார்டு கோஆர்டினேட்டரா இருந்த ரெண்டு கத்தோலிக்க மிட்வைஃப் (பிரசவம் பாக்குறவங்க), நாங்க கைப்பட செய்யலைன்னாலும் செய்றவங்களுக்கு டியூட்டி போடுறது, மேற்பார்வை பாக்குறதுகூட எங்களால முடியாதுன்னு கேஸ் போட்டாங்க, ஸ்காட்லாந்துல அப்பீல்ல ஜெயிச்சும் 2014 டிசம்பர்ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்ல தோத்துட்டாங்க. மாத்திரை குடுக்குறதுல இருந்து நஞ்சுக்கொடி வெளிய வர்ற வரைக்கும் நேரடியா கைவெச்சு செய்ற வேலைக்குத்தான் பாதுகாப்பு, ஃபோன் எடுக்குறது, ஸ்டாஃப் ஒதுக்குறது, அந்தப் பொண்ணுக்கு முன்னாடியும் பின்னாடியும் பண்ற சாதாரண கவனிப்பு இதெல்லாம் அதுல சேராதுன்னு தீர்ப்பு. 1988லயும் இப்படித்தான், கருக்கலைப்புக்காக ஒரு பொண்ண வேற டாக்டர்கிட்ட அனுப்புற ரெஃபரல் லெட்டர தன் டாக்டருக்காக டைப் பண்ண மாட்டேன்னு சொன்ன செகரட்டரி தோத்துட்டாங்க.

அந்த மிட்வைஃப்களோட வேதனை எனக்குப் புரியுது, ஆனாலும் தீர்ப்பு சரின்னுதான் சொல்லுவேன், ஏன்னா ராத்திரி நேரத்துல ரத்தப்போக்கோட படுத்திருக்கிற பொண்ணு வார்டுல யாரோட நம்பிக்கை என்னன்னு பாத்துட்டா பெல் அடிக்க முடியும்? உயிருக்கு ஆபத்துன்னாலோ, உடம்புக்கோ மனசுக்கோ நிரந்தரமா பெரிய பாதிப்பு வரும்னாலோ அந்த நாலாவது பிரிவ காட்டி ஒதுங்கவே முடியாது, அதையும் அதே பிரிவுலயே எழுதி வெச்சிருக்காங்க.

வேலைல சேர்றதுக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட எழுத்துல சொல்லிடச் சொல்லுங்க, ஷிப்ட்ல நிக்கும்போது சொல்றது தப்பு. மறுத்தாலும் வேற தகுதியான நர்ஸ ஏற்பாடு பண்ண வேண்டிய பொறுப்பு அவளுக்கு உண்டு, அங்க நர்ஸிங் கவுன்சில் விதி அது. இந்த அளவுக்குக்கூட மனசு இடம் குடுக்கலைன்னா கைனகாலஜி வேணாம், வேற வார்டு குடுங்கன்னு இப்பவே கேட்டுடட்டும்.