பத்து நிமிட மிஷினுக்கு ஒரு நாள் கூலி

கேள்வி: அக்கா, எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது. இனி மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ, அப்புறம் ரேடியேஷன், எல்லாம் மதுரையில். அவள் நூல் மில்லில் ஆறு வருடமாக வேலை செய்கிறாள். "ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பி.எஃப். பணம் கைக்கு வரும்" என்கிறார் சூப்பர்வைசர். நான் ஒட்டன்சத்திரம் மண்டிக்கு லோடு வண்டி ஓட்டுகிறேன், நடைக்குத்தான் கூலி. ஏற்கெனவே பதினெட்டு நாள் வண்டி எடுக்கவில்லை, முதலாளி வேறு டிரைவர் தேடுகிறார். இரண்டு பேரில் யார் வேலையை விடுவது?
- ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லுங்கள்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருக்கிறதா பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க்கு 75 ரூபாய் பிடித்திருப்பார்கள். இருந்தால், நோய்க்கால உதவியாக முதல் 91 நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதற்குப் பிறகு 80 சதவீதம், தேவைப்பட்டால் இரண்டு வருடம் வரை. இதற்கு இரண்டு வருடத் தொடர் வேலையும் அதில் 156 நாள் சந்தாவும் வேண்டும். ஆறு வருடம் உழைத்தவருக்கு அது இருக்கும். இந்த உதவி வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது சட்டம். நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்கள் நீக்க வேண்டிய அவசியமே இல்லை, பாருங்கள்! பயாப்ஸி ரிப்போர்ட்டோடு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்குங்கள். பி.எஃப்.பில் வேலையில் இருந்தபடியே வைத்தியத்துக்கு முன்பணம் எடுக்கலாம்.

உங்கள் பாடுதான் திண்டாட்டம். முதலமைச்சர் காப்பீடு வைத்தியச் செலவைப் பார்த்துக்கொள்ளும், ஓடாத நடைக்குக் காசு தராது.

எங்கள் அப்பாவுக்குத் தொண்டையில் வந்தபோது 33 நாள் ரேடியேஷன். அண்ணன் தறிப்பட்டறையில் இருந்தான். விடிகாலை நாலரை மணி பஸ், வரிசை, மிஷினுக்குள் பத்து நிமிடம், வீடு வந்து சேர இருட்டிவிடும். பஸ் டிக்கெட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பான், யாராவது கணக்குக் கேட்பார்கள் என்று. யாரும் கேட்கவில்லை. இருபதாவது நாள் அவன் தறியில் வேறு ஆள் நின்றான். பின்னால் நான் ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராகச் சேர்ந்தபோது, நோயாளியிடம் முதலில் கேட்டதே "கூட வந்தவருக்கு என்ன வேலை?" என்பதைத்தான்.

எல்லா நாளும் நீங்களே போக வேண்டியதில்லை. கீமோ அன்றும் அடுத்த இரண்டு மூன்று நாளும் கூட இருங்கள். அந்தத் தேதிகளை இப்போதே வாங்கி மண்டி முதலாளியிடம் கொடுத்துவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் அந்த நாளுக்கு மட்டும் மாற்று ஆள் போடுவார், சொல்லாமல் நின்றால்தான் ஆளையே மாற்றுவார். ரேடியேஷன் வாரத்தில் ஐந்து நாள். மொத்தம் எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேளுங்கள், மார்பகத்துக்குப் பலருக்கு இப்போது பதினைந்து நாளிலேயே முடிக்கிறார்கள். அந்த மூன்று வாரமும் உங்கள் அம்மாவோ மாமியாரோ கூட இருக்க, ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். அறை வாடகையையும் உங்கள் நடைக்கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், புரியும். ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் சான்று வாங்கினால், திண்டுக்கல்–மதுரை ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் நோயாளிக்கும் துணைக்கும் 75 சதவீதம் குறையும்.

சூப்பர்வைசர் மறுபடி தாளை நீட்டினால், "மருந்தகத்துக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன்" என்று சொல்லச் சொல்லுங்கள்.